டார்க்கிலின் கடைசி பெஞ்சு

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் எங்கள் தேவாலயச் சபையில், முந்தின நாளே மூப்பர்களிடம் பெயர் கொடுத்தவர்கள்தான் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மேசையில் உட்காரலாம். என் கணவர் டார்க்கில் கொடுத்ததே இல்லை. வருடந்தோறும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுவார்.

இந்தச் சனிக்கிழமையும் விடியுமுன் எழுந்து, நாளைக்கான ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவையாவது பேர் குடுங்களேன்."

"ஆண்டவர் மொதல்ல கூப்பிடணும்டி எஃபி. நாமளா போய் உக்காந்துட முடியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மத்த நாள்ல நான் உலுக்கினாலும் எந்திரிக்க மாட்டீங்க. இன்னிக்கு உங்களை எழுப்பினது யாரு, நானா?"

பாலிஷ் துணி அப்படியே நின்றது. மாலையில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிறன்று சங்கீதம் பாடும்போது மேசையில் என் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாலிஷ் வாசனையே போதுமாயிருந்தது.