எவ்வளவு ஆழம் தோண்டுவது

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திருடியது. வேலிச் செடியைக் கத்தரிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பது ஸ்வீடனின் இந்தச் சின்ன ஊரில் குற்றமே இல்லை, தோட்டப் பராமரிப்பு. கதை கொஞ்சம் நீண்டுவிட்டதால் என் வேலிக்கு இந்த வருடம் மொட்டை விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஸ்டூரேவும் குன்னெலும் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதி. அவர்கள் தோட்டத்தில் கேபிள் புதைக்கிறார்கள். கேபிள் புதைப்பதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

2

தொடக்கம் ஒன்று: "இலையுதிர் காலத்துப் பொன்னொளியில் ஸ்டூரே மண்வெட்டியை ஓங்கியபோது—" வேண்டாம். அன்று தூறல். பொன்னும் இல்லை, ஒளியும் இல்லை.

தொடக்கம் இரண்டு: "மனிதன் ஏன் தோண்டுகிறான்?" இதை எழுதி முடிப்பதற்குள் என் மனைவி சௌந்தரி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "பொண்டாட்டி சொன்னா தோண்டுவான்" என்றாள். தத்துவம் அதோடு படுத்துவிட்டது.

தொடக்கம் மூன்று: தானாக ஓடிப் புல் வெட்டும் இயந்திரம், ஹாக்கி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஸ்டூரேவின் டிவி கேபிளைக் கடித்துத் துண்டாக்கியது.

இது நிற்கும்போலிருக்கிறது. வைத்துக்கொள்வோம்.

3

ஸ்டூரே குறட்டை விடுவார். மே மாதத்தில் ஒருநாள், "கோடைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தின் கடைசியில் இருந்த மரக்குடிலுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். படுக்கைக்குப் பின்னால் காபி இயந்திரம் போனது. அதற்குப் பின்னால், வீட்டுச் சுவரிலிருந்து புல்வெளிக்குக் குறுக்கே இரண்டு கேபிள்கள் போயின. இணையத்துக்கு ஒன்று, டிவிக்குத் தடிமனாகக் கறுப்பில் ஒன்று. புல்லின் மேலேயே அவை கிடந்தன. தற்காலிக ஏற்பாடு, பாருங்கள்.

அவை புல்லின் மேல் கிடக்கும்வரை ஸ்டூரேவுக்கு நிம்மதி. என்றைக்கு வேண்டுமானாலும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம். கோடை போனது. அக்டோபரும் முடியப் போகிறது. சுருட்டு என்று குன்னெல் சொல்லவில்லை. சுருட்டட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

(குறட்டைக்காக ஒரு ஆள் வீட்டை விட்டுப் போவானா? எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் கள்ளக்காதல் வைத்துப் பார்த்தேன். ஸ்டூரேவுக்குப் பொருந்தவில்லை. காதலுக்கு வேண்டிய பேச்சு அவரிடம் கிடையாது. குறட்டையே இருக்கட்டும். அது ஒன்றைத்தான் மனிதர் வாயைத் திறந்து செய்கிறார்.)

4

புல்வெட்டும் இயந்திரத்துக்கு அந்த வீட்டில் பெர்ட்டில் என்று பெயர்.

"உன் பெர்ட்டில் என் ஒயரக் கடிச்சுட்டான்" என்றார் ஸ்டூரே, அடுப்படி வாசலில் நின்று. இப்போதெல்லாம் வாசலில்தான் நிற்கிறார்.

"அவன் வேலைய அவன் பாக்கறான். தரையில போட்டா கடிக்காம கொஞ்சுவானா? புதைச்சிடு."

புதைச்சிடு. புதைத்ததை யார் சுருட்டப் போகிறார்கள்?

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

குன்னெல் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்தாள். "எவ்வளவு நாள் அங்க இருக்கப் போற நீ?"*

மனசில் இருப்பதை ஸ்டூரே சொல்ல வேண்டிய இடம் இதுதான். கதாசிரியனாக நான் பின்னணியில் லேசாக மழைகூடப் பெய்வித்தேன். ஸ்டூரே நன்றாக யோசித்தார். யோசித்து, "மண்ணப் பொறுத்தது" என்றார்.

"அப்ப மண்ணையே கேட்டுக்கோ" என்று அவள் மறுபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

* இங்கே ராஜ குடும்பத்தைத் தவிர எல்லோருக்கும் எல்லோரும் "நீ"தான். குன்னெல் புருஷனை நீ என்பதற்காக யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் மட்டும் ஸ்டூரேவை "நீங்க" என்று எழுதுவேன். வளர்ப்பு அப்படி.

5

ஸ்டூரே புதுக் கேபிள்களும் அவற்றை உள்ளே விட ஒரு பிளாஸ்டிக் குழாயும் வாங்கி வந்தார். குடிலிலிருந்து வீட்டை நோக்கித் தோண்ட ஆரம்பித்தார். முழங்கால் ஆழம். தேவையே இல்லாத ஆழம். ஆழமாகத் தோண்டினால் வேலை மெதுவாகும். மெதுவானால் அதற்குள் யாராவது ஜன்னலைத் திறந்து, போதும் நிறுத்து என்று சொல்லக்கூடும். அதுதான் அவர் கணக்கு.

ஜன்னல் திறந்தது.

"பெர்ட்டில் ஏன் நடுவுல நின்னுட்டான்?"

ஸ்டூரே பள்ளத்தைப் பார்த்தார். பெர்ட்டிலுக்கு எல்லை காட்டும் மெல்லிய கம்பி புல்லுக்கடியில் ஓடும். அதை வெட்டியிருந்தார். எல்லை தெரியாத பெர்ட்டில் ஓர் அடிகூட நகராது.

"அவன் கம்பிய வெட்டிட்டேன்."

"அப்ப இனிமே உன் ஒயர யாரும் கடிக்கப் போறதில்ல."

"இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு இன்னும் தோண்டிட்டிருக்க?"

தொண்டை வரை வந்தது. வீட்டுக்கு வரணும் குன்னெல். அவ்வளவுதான், மூன்றே சொல். நான் இந்தப் பக்கம் கத்தரிக்கோலைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.

"ஆரம்பிச்சாச்சு" என்றார் ஸ்டூரே.

ஜன்னல் மூடியது. இவரையெல்லாம் வைத்து ஒருவன் கதை எழுத வேண்டியிருக்கிறது.

6

முடிவு அ: தோண்டும்போது குன்னெல் என்றோ தொலைத்த கல்யாண மோதிரம் மண்ணிலிருந்து மின்னுகிறது. கண்ணீர், அணைப்பு. பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். ஆனால் குன்னெல் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை. மோதிரம் அவள் விரலிலேயே இருக்கிறது.

முடிவு ஆ: குன்னெல் ஜன்னலைத் திறந்து, "உள்ள வா, மடையா" என்கிறாள். இதை எழுதிச் சௌந்தரியிடம் காட்டினேன்.

"ரெண்டு தடவ கேட்டுட்டா. மூணாவது தடவ எந்தப் பொம்பளையும் கேக்க மாட்டா. அடிங்க."

அடித்துவிட்டேன்.

முடிவு இ: ஸ்டூரே பள்ளத்தை மூடுகிறார், பனி விழுகிறது, குடிலின் விளக்கு—

இதை எழுத எனக்குத்தான் மனசு வரவில்லை.

7

இந்தப் பகுதி என் திட்டத்தில் இல்லை. ஸ்டூரே பள்ளத்திலிருந்து ஏறி நேராக வேலிக்கு வந்தார்.

"அந்தச் செடியில இனிமே வெட்ட ஒண்ணுமில்ல" என்றார். "விடு. நீ எழுதறவன்தானே?"

"ஏதோ எழுதுவேன்."

"இன்னிக்கு ராத்திரி உறைபனியாம். குவிச்ச மண்ணெல்லாம் கல்லாயிடும். அதுக்குள்ள ஒயரப் போட்டு மூடணும். மூட வேண்டாம்னா அவகிட்ட ஏதாவது சொல்லணும். ஒரு வரி போதும். நீ சொல்லிக் குடு."

இருபது வருடமாக எழுதுகிறேன். இரண்டு பரிசுகூட வாங்கியிருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"'குன்னெல், எனக்குக் குளிருது.'"

"ஹீட்டர் வாங்கிக் குடுத்துடுவா."

"'குறட்டைக்கு டாக்டரப் பாக்கறேன்.'"

"அப்ப நான் குறட்டைக்காகப் போனேன்னு ஆயிடும்."

"வேற எதுக்குப் போனீங்க?"

அவர் சேறு அப்பிய தன் பூட்ஸைப் பார்த்தார். "போகாதன்னு அவ சொல்வான்னு நெனச்சேன்."

மே மாதத்திலிருந்து நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். இந்த ஒன்று மட்டும் என் காதில் விழவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"'குன்னெல், நான்—'" என்று தொடங்கினேன். வரவில்லை. "'குன்னெல், நீ அன்னிக்கு—'" அதுவும் வரவில்லை.

அவர் காத்துக்கொண்டிருக்கிறார். பின்னால், இந்தக் குளிரிலும், அடுப்படி ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. சற்று முன் மூடியிருந்ததை நான் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார், மண்வெட்டியைக் கீழே போட்டார், மறுபடி என்னைத்தான் பார்க்கிறார். என்னிடம் வரி இல்லை. இவ்வளவு நேரம் வேலி ஓரத்தில் என்னோடு நின்று ஓசியில் எல்லாம் கேட்டீர்கள் அல்லவா? கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

"குன்னெல், ____________________."

அலங்காரம் வேண்டாம், அவர் வாயில் நிற்காது. கொஞ்சம் சீக்கிரம், மண் இறுக ஆரம்பித்துவிட்டது.