தும்மராயனின் மூக்கு

பிரேசர் டவுனில் கோவிந்தப்பாவின் காமிக்ஸ் கடைக்கு ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் இடம். மாதத்துக்கு எத்தனை சூப்பர்ஹீரோக்கள் வந்து இறங்கினாலும், அந்த ஜன்னலில் யார் நிற்பது என்று முடிவு செய்கிறவர் டென்சில். யார் கொடுத்த பதவி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வாரநாட்களில் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் க்ளெய்ம்களைத் தள்ளுபடி செய்வார். சனிக்கிழமை இங்கே வந்து புத்தக அட்டைகளைத் தள்ளுபடி செய்வார். சம்பளம் அங்கே, சந்தோஷம் இங்கே.

ஆனால் மனுஷனுக்கு அட்டை பார்க்கத் தெரியும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, நம் கண் முதலில் எங்கே ஓடி எங்கே போய் இளைப்பாறுகிறது, எல்லாவற்றையும் மூக்கு காகிதத்தில் இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்ப்பார். பிடிக்காததைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். நன்றாக இருப்பதை நன்றாக இல்லை என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடம் இருந்த நல்ல குணம் அந்த ஒன்றுதான். மீதி இடத்தையெல்லாம் மூக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்த மூக்குக்கோ புதுக் காகித வாசனை ஆகாது. பெட்டி பிரித்ததும் தும்முவார். பிள்ளை தும்மினால் பக்கத்திலிருந்து இயேசுவை "சேசுவே" என்று கூப்பிடும் கத்தோலிக்க அம்மாவிடம் வளர்ந்தவர். வளர்ந்த பிறகு இரண்டு வேலையையும் தானே சேர்த்துச் செய்தார். 'அச்ச்ச்சேசுவே!' என்று ஒரே மூச்சில் வரும். அந்தத் தெருவுக்கே அது தெரியும்.

இந்தச் சனிக்கிழமை மேசையில் 'இடிக்கிளி'யின் புது இதழைப் பார்த்ததும் டென்சிலுக்குக் காது சூடேறியது.

மேலே பச்சை உடையில் இடிக்கிளி பாய்ந்து வருகிறாள். கீழே மெட்ரோ தூண் ஒன்று நடுவில் வெடித்து நொறுங்குகிறது. நொறுக்குகிறவன் வில்லன், தும்மராயன். தும்மியே ஊரை இடிப்பவன். குடை பிடித்தாலும் நனைகிற மூக்கு. கழுத்துவரை பட்டன் போட்ட அரைக்கைச் சட்டை. பையில் மூன்று பேனா. கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. டென்சிலின் கை தானாகப் போய்த் தன் கழுத்துப் பட்டனைத் தொட்டது. போட்டுத்தான் இருந்தது.

வரைந்தவள் கேரல். போன வருஷம் அவளுடைய முதல் அட்டையை இதே மேசையில் வைத்து, "முதுகுல தொங்குறது கேப் இல்ல, கொடியில காயப்போட்ட ஈரத் துண்டு" என்று சொல்லிக் கடையையே சிரிக்க வைத்தவர் டென்சில். அன்று சிரிக்காத ஒரே ஆள், இன்று கைகளைக் கட்டிக்கொண்டு ஷெல்ஃபில் சாய்ந்து நின்றாள்.

"சொல்லுங்க அங்கிள். இந்தத் தடவை துண்டா, கைக்குட்டையா?"

'அங்கிள்' நேராக நெஞ்சில் இறங்கியது.

"அவசரப்படாதீங்க மேடம். பாத்துட்டுதான் சொல்வேன்."

எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் நின்றே படித்து முடிக்கிற ஹரிஷ் எட்டிப் பார்த்தான். "குரு, இந்த வில்லனை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே!"

"மூக்கு எல்லா ஊர்லயும்தான் இருக்கு. சும்மா இரு."

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவருடைய மூக்கு ஒரு மாதம் ஜன்னலில் தொங்கும். ஞாயிறு பூசைக்குப் போகிற சர்ச் ஜனங்களில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் போவார்கள். நன்றாக இல்லை என்று சொன்னால், சொன்னால் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த அட்டை நிஜமாகவே மோசமாக இருந்தாக வேண்டும். டென்சில் கைக்குட்டையால் மூக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு குறை தேடக் குனிந்தார்.

வெளிச்சம்? இடது மேல்மூலையில் மின்னல். தெறித்து விழும் ஒவ்வொரு கான்கிரீட் துண்டிலும் இடது ஓரம்தான் பளபளத்தது. ஒன்றிலாவது தப்பியிருக்கக் கூடாதா? தூசிக் கோடுகள் கண்ணை இழுத்துக்கொண்டு போய் இடிக்கிளியின் சின்ன முஷ்டியில் நிறுத்தின. கேப்? அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். கீழிருந்து தும்மல் காற்று அடிக்கிறது, துணி பின்னால் பறக்கிறது, வலது தோளில் தையல் மட்டும் விண்ணென்று இழுபடுகிறது.

பாவி, கத்துக்கிட்டா.

"என்ன அங்கிள், க்ளெய்ம்ல பேப்பர் எல்லாம் சரியா இருக்கா? வயித்தெரிச்சலுக்கு ஜெலுசில் வேணுமா?"

"மாட்டுச்சு!" என்று நிமிர்ந்தார் டென்சில். முகத்தில் மோட்சமே திறந்துகொண்டதுபோல் ஒரு மகிழ்ச்சி. "எழுத்து தப்பு."

தூணைப் பிளந்துகொண்டு மஞ்சள் எழுத்தில் தும்மல் ஓடியது: 'அச்ச்ச்யேசுவே!'

"அதுல என்ன தப்பு?"

"'ச்'சுல இறுகின மூச்சு 'யே'க்கு எப்படிம்மா போகும்? சொல்லிப் பாரு, நாக்கு சுளுக்கிக்கும். 'சே'! அச்ச்ச்சேசுவே! எங்க வீட்ல எங்க அம்மா காலத்துலேர்ந்து சேசுதான். நீங்க சி.எஸ்.ஐ. சபை, உங்களுக்கு யேசு. அதுக்காக என் தும்மலையே சபை மாத்திடுவியா?"

'என்' என்ற சொல் கடைக்குள் எங்கும் போகாமல் அப்படியே நின்றது.

ஹரிஷ் கையிலிருந்த புத்தகத்தை மூடினான். "யாரோட தும்மல் குரு?"

"அது நீங்கன்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் கேரல், கண்ணை அகல விரித்து. "நான் எங்க சித்தப்பாவை வரைஞ்சேன்."

அவளுக்குச் சித்தப்பாவே கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"சும்மனிரி ரெண்டு பேரும்," என்றார் கோவிந்தப்பா, கல்லாவிலிருந்து. சும்மா இருங்கள் என்பதை அவர் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் சொல்வார். "சண்டையை வெளியில வெச்சுக்குங்க. ஜன்னல்ல யாரு? அதைச் சொல்லுங்க சார்."

டென்சில் மறுபடி அட்டையைப் பார்த்தார். அட்டையிலிருந்து அவருடைய மூக்கும் அவரைப் பார்த்தது.

"கேப் நல்லாருக்கு," என்றார், பல் பிடுங்கப்பட்டவர்போல.

"கேக்கல," என்றாள் கேரல்.

"துணிக்குள்ள காத்து இருக்குன்னேன். தோள்ல தையல் இழுக்குது. நல்லாருக்கு, நல்லாருக்கு, நல்லாருக்கு. போதுமா?"

"மூக்கு?"

"அநியாயத்துக்குப் பெருசு."

"ஸ்கேல் இருக்கு. வெச்சு அளந்திடலாமா?"

டென்சில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வேறு யாரையும் தொட விடவில்லை. போன மாத ஹீரோவை இறக்கிவிட்டுத் தும்மராயனை நிறுத்தி, வெயில் கூசாமல் கொஞ்சம் சாய்த்தும் வைத்தார். சாய்த்தபோது ஒரு மாதத் தூசி கிளம்பியது. இத்தனை நேரம் அமுக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

கண்ணாடி அதிர்ந்தது. வெளியே ஒரு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கேரல் தலையைச் சாய்த்து, பாட்டு கேட்பதுபோல் கேட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு மஞ்சள் மார்க்கரை எடுத்து வந்து, அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, ஜன்னலில் நின்ற பிரதியில் 'யே'யின் மேல் ஒரு 'சே'யை ஏற்றினாள்.

"'ச்' மூணு போதுமா?"

"போதும். கடைசி 'ச்' இன்னும் கொஞ்சம் நீளம்."

இழுத்தாள். மூடியை டப்பென்று மூடினாள். "அடுத்த இதழ்ல உங்களைக் கொல்லப்போறேன்."

"கொல்லு," என்றார் டென்சில், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வெளிச்சம் மட்டும் இதே மாதிரி இருக்கட்டும்."