இடப்பக்கக் கதவு

துஷாந்த் எழுந்து முகம் கழுவினான். வாளியில் தண்ணீர் பிடித்தான். கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் படிகளில் இறங்கி, கார் நிற்கும் சவுக்கு மரத்தடிக்குப் போனான். முதலில் கண்ணாடி, பிறகு பொனட், பிறகு ஒவ்வொரு சில்லாக. தினமும் அப்படித்தான். டயரில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது மேலே தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். நிஷாந்தினியை நடுவீட்டில் கிடத்தியிருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பொண்டாட்டிய நடுவீட்டுல போட்டுட்டு காரக் கழுவுறான் பாரு," என்றாள் குடத்தோடு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு வந்த ஒருத்தி, அவன் காதில் விழும்படியாகவே.

"விடுக்கா. புத்தி பெரண்டு கெடக்கான்."

புத்தி பிரளவில்லை. கை பழகியதைச் செய்தது. இடப்பக்கக் கதவை மட்டும் அது தொடவில்லை.

பழைய ஜப்பான் கார். சம்பளத்தில் பாதி அதற்குத்தான் போனது. பதுளையில் ஸலீம் நானாவின் கடையில் டர்போ ஏற்றினான். ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு இறக்கினான். அகலமான டயர் போட்டான். பாரம் குறையட்டும் என்று பின்சீட்டைக் கழற்றி எறிந்தான். முன்சீட் எடுக்கப் போன அன்று நிஷாந்தினியும் கூட வந்தாள்.

"கறுப்ப எடுங்க. வெள்ள ஒரே நாள்ல அழுக்காயிரும்."

அவன் வெள்ளையை எடுத்தான். "நீ கால ஒதறிட்டு ஏறு. அழுக்காவாது."

ஸலீம் நானா சிரித்தார். "தங்கச்சி, ஒங்களுக்குச் சக்களத்தி வந்துட்டா."

"அவ வந்து ரொம்ப நாளாச்சு நானா."

அதன்பிறகு அவள் ஒரு துண்டை விரித்துத்தான் அதில் உட்காருவாள். ஒருநாள் டவுனில் மழையில் நனைந்து நின்றவளை அவன் ஏற்றவில்லை. பஸ்ஸில் வரச் சொன்னான். அவளும் வந்தாள்.

முந்தாநாள் மத்தியானம் அவளுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. மூன்று மாதக் கரு. பக்கத்து லயத்து ரமேஸ் தன் முச்சக்கரவண்டியை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏத்துங்கண்ணே. பின்னால சாச்சுப் படுக்க வச்சே கொண்டு போயிரலாம்."

"ஒன் ஆட்டோ தோட்டத்தத் தாண்டுறதுக்குள்ள நான் டவுன்ல இருப்பேன்," என்றான் துஷாந்த்.

தோட்டத்துப் பாதையின் குறுக்கே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான்கள். ஒவ்வொன்றிலும் காரின் அடி தட்டியது. ஒவ்வொன்றையும் கோணலாகத் திருப்பி, அங்குலம் அங்குலமாகக் கடந்தான். அவளைத் தன் வண்டிக்கு மாற்றி ஏற்றச் சொல்லிப் பின்னால் வந்த ரமேஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். துஷாந்த் நிறுத்தவில்லை.

"கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாம்," என்றார் டாக்டர்.

வாளியோடு மேலே வந்தவனின் கையை மாமி கருப்பம்மா பிடித்துக்கொண்டாள். போனவர்களின் கடைசிப் பேச்சைக் கேட்டு வாங்கி ஒப்பாரியில் வைப்பது அந்த லயத்துப் பெண்களின் வழக்கம்.

"தம்பி, எம்புள்ள கடைசியா என்னா சொன்னிச்சு? சொல்லுங்க. வச்சு அழணும்."

ரமேஸ் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். துஷாந்த் அவன் பக்கம் பார்க்கவில்லை.

"அம்மாவப் பாத்துக்குங்கன்னு சொன்னிச்சு, மாமி."

கருப்பம்மா அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆத்தாளப் பாக்கச் சொல்லி ஆள விட்டுப் போனியே" என்று அவள் எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பீலியில் ஏசியவளும் அழுதுகொண்டே அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்தான்.

பெட்டியை மூடும் நேரத்தில் ரமேஸ் கிட்டே வந்தான். ஹோர்ன் அடித்ததைப் பற்றி அவன் எவரிடமும் பேசவில்லை.

"அண்ணே, கார ஓரமாக்குங்க. பெட்டி எறங்கணும்."

துஷாந்த் இறங்கிப்போய்க் காரில் ஏறி உட்கார்ந்தான். அவளுடைய துண்டு மடித்தபடி முன்கண்ணாடியின் கீழ் இருந்தது. அன்றைக்கு அதை விரிக்க நேரம் இருக்கவில்லை. அவன் இடப்பக்கம் திரும்பாமல் சாவியைத் திருகினான்.

ஆஸ்பத்திரிக்கு முந்திய வளைவில் அவன் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பியிருந்தான். கண் முதலில் சீட்டுக்குத்தான் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சீட்டு அழுக்காயிருச்சுங்க. கோவிச்சுக்காதீங்க."