குமரவேலுக்கு நான் வாங்கிய கள்

என் வீட்டுக்காரரைக் கள்ளுக்குப் பழக்கியது நான்தான். காலனியில் யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

குமரவேல் என்று பெயர். செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பதினைந்து வருஷமாக விஸ்கி. ஷிஃப்ட் முடிந்தால் ஒயின்ஷாப், அங்கிருந்து வீடு, வீட்டில் எனக்கு அடி உதை. போன வருஷம் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஈரல் பாதி போய்விட்டது, இனிமேல் விஸ்கியைத் தொட்டால் ஆளைப் பார்க்க முடியாது என்று டாக்டர் எச்சரித்தார். இவரோ வீட்டுக்கு வந்த மறுநாளே பேன்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒயின்ஷாப்புக்குத்தான்.

அப்போதுதான் என் பாழாய்ப்போன மூளை வேலை செய்தது. எங்கள் வேலூர்ப் பக்கம் கள் இறக்கக் கூடாது. இங்கே போர்டு மாட்டி விற்கிறார்கள். கள்ளுக்கடைக்குக் காம்பவுண்டு என்று பெயர். பெண்களும் கூச்சமில்லாமல் போய் உட்காருவார்கள். மரத்திலிருந்து இறங்குவதுதானே, உடம்புக்குக் குளிர்ச்சி, விஸ்கி மாதிரி ஈரலை அரிக்காது என்று நானாகவே முடிவு கட்டினேன். தினமும் சாயங்காலம் நானே போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன்.

பலித்தது. அதுதான் கொடுமை. இரண்டு பாட்டில் உள்ளே போனதும் சாப்பிட்டுவிட்டுச் சாதுவாகத் தூங்கினார். ஒயின்ஷாப் பக்கமே திரும்பவில்லை. எட்டு மாதம் என் மேல் கை ஓங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு உஷாவுக்கும் யோசனை சொன்னேன்; நல்லவேளை, அவள் என் பேச்சை மதிக்கிறவள் இல்லை.

ஜூலையில் கலப்படம் என்று ஆபீசர்கள் வந்து காம்பவுண்டுக்குச் சீல் வைத்தார்கள். இந்தச் சனியனும் விட்டது, இனி முழு மனுஷன் ஆகிவிடுவார் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மறுநாள் அவருக்குத் தூக்கம் இல்லை. வியர்த்துக் கொட்டியது. எறும்பு ஊர்கிறது என்று வெறுஞ்சுவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் பாத்ரூமில் விழுந்து வலிப்பு. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். அள்ளி ஆட்டோவில் போட்டேன். ஆட்டோக்காரர் அப்துல் ரஹீம், தமிழர்கள் அதிகமுள்ள எங்கள் காலனிக்குச் சவாரி ஓட்டியே தமிழ் கற்றவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கள்ளு பந்த் ஆயிடுச்சுல்ல அம்மா. நேத்துலருந்து வலிப்போட இது நாலாவது சவாரி," என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வர்ஷினி கோயம்புத்தூர்ப் பெண்.

"அது கள்ளே இல்லைங்கம்மா. தண்ணி, சாக்கரின், தூக்க மாத்திரைப் பவுடர். டக்குனு நிறுத்துனா இப்படித்தானுங்க வலிப்பு வரும். இன்னொரு தடவை வந்தா உயிருக்கே ஆபத்து. யாரு பழக்குனது?"

"நான்தாம்மா."

எழுதிக்கொண்டிருந்தவள் அதையும் எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஒரு மாதம் வார்டிலேயே இருக்க வேண்டும், அந்தத் தூக்க மருந்தையே அளவாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். ஆறாம் நாள் இவர் டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். காலில் விழுந்து கெஞ்சினேன். அசையவில்லை. மறுநாள் மத்தியானம் கை உதற ஆரம்பித்தது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

"சுமா, மறுபடி விழப்போறேன்டி. போய் வாங்கிட்டு வா."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"நக்கோ, வேணாம். அங்க மட்டும் வரமாட்டேன்."

காம்பவுண்டுக்குப் பின்சந்தில் ஒருத்தி திருட்டுத்தனமாகக் கேனில் விற்பது காலனிக்கே தெரியும். ஓடினேன். வாங்கினேன். தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் ஊற்றினேன். அரை மணியில் உதறல் நின்று முகம் தெளிந்தது.

"நீ இல்லேன்னா இன்னிக்கு நான் செத்திருப்பேன், சுமா," என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு.

மீதியை மூடி வைத்தேன். காலையில் வேண்டும்.