பச்சைப் புள்ளி

ஹெல்மெட்டுக்குள் வைத்து அந்தச் சின்னப் பெட்டியைத் தம்பி அவளிடம் நீட்டினான். கூடத்தில் யாரோ சோபாவை ஓரமாக இழுத்து இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரைமணி நேரத்தில் அவர் உடலைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

"வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்கக்கா. இதை மட்டும் கழட்டிக் குடுத்தாங்க."

வண்டியில் மாட்டிக்கொள்ளும் வழிகாட்டும் பெட்டி, ஜி.பி.எஸ். இருப்பதிலேயே மலிவானது. அவளுடைய கணவர், சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் வீட்டுக்கே போய்ப் பூட்டுத் திறந்து கொடுப்பவர். எந்தக் கதவும் அவருக்கு இரண்டு நிமிடம்தான். தெருதான் பிடிபடாது. ஆனால் வழி கேட்பது மட்டும் கௌரவக் குறைச்சல். "ஊருக்கே கதவு திறந்து விடுறவன், முக்குல நின்னு வழி கேக்கணுமா?" என்பார்.

நாத்தனார் சுவரில் சாய்ந்து, வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். "விழுந்த எடத்துக்குப் பின்னாடித் தெருவுலயே ஆஸ்பத்திரியாமே! நடந்தே போயிருக்கலாமே. ஏன் போகல எங்கண்ணன்?"

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அங்க ஒரு வாட்ச்மேன் பார்த்திருக்கான்க்கா. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, நெஞ்சைத் தடவிக்கிட்டே இந்தப் பெட்டியை அழுத்திட்டு இருந்தாராம். ஏதோ அட்ரஸ் தேடறாருன்னு நெனச்சானாம். அப்புறம் வண்டியை எடுக்கப் போனவரு அப்படியே சாஞ்சுட்டாரு."

அவர் கைபேசி நேற்றுக் காலையிலிருந்து வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. கையில் இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். ஹெல்மெட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வாங்கிய புதிதில் பெட்டியைச் சரிபண்ணிக் கொடுத்தவள் அவள்தான். மொழியைத் தமிழாக்கினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். வேகம் கூடினால் கத்தும்படி வைத்தாள். "வீட்லதான் நீ கத்தறேன்னா, வண்டியிலயும் ஆளைப் போட்டுட்டியா?" என்று அவர் கேட்க, இரண்டு பேரும் சிரித்தார்கள். புது வரைபடம் ஏற்றும்போதுதான் சிக்கல். பெட்டியின் மெமரி கார்டில் இடம் போதவில்லை. எதையாவது எடுத்தால்தான் ஏறும். வரைபடத்தில் குறித்திருந்த இடங்களின் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"ஓட்டல்?"

"எடுத்துடு. நீ கட்டிக் குடுக்கறதே ஜாஸ்தி."

"பஞ்சர் கடை?"

"ஐயோ, அதுல கை வைக்காத."

"ஆஸ்பத்திரி?"

"வண்டிக்கு நோவு வந்தாத்தான் எனக்குக் கஷ்டம். தூக்கு."

தூக்கினாள். அடுத்த மாதமே பெரிய கார்டு வாங்கி வந்து அவரே மாட்டினார். எடுத்ததையெல்லாம் திரும்பப் போட்டுவிடு என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் என்றாள் அவள். அதற்குப் பிறகு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலை விரிசல் விட்டிருந்தது, ஆனாலும் எரிந்தது. 'தேடியவை' என்ற இடத்தைத் தொட்டாள்.

வீடு.

அதற்குக் கீழே, மருத்துவமனை. பதிவு இல்லை.

மருத்துவமனை. பதிவு இல்லை.

ஆஸ்பத்ரி. பதிவு இல்லை.

அவசரத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. தன்மேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தம்பி கதவைத் திறந்தான். "அக்கா, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு."

"தேடியிருக்காருடா. இதுல இல்ல. நான்தான் எடுத்தேன்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. திரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா... எழுந்து வா."

"அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு காட்டு."

"அக்கா."

"காட்டுடா."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான். அவள் 'புதிய இடம்' என்பதை அழுத்தினாள். மலிவுத் திரை, நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும். ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். வெளியே நாத்தனாரின் குரல் ஓங்கி எழுந்தது. யாரோ அவளையும் கூப்பிட்டார்கள். 'ஸ்' விட்டுப்போகாமல் பார்த்து, 'த்தி'யைச் சரியாகப் போட்டு, 'சேமி' என்பதை அழுத்தினாள்.

வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. நேற்று அவர் போன வழி சிவப்புக் கோடாக அப்படியே இருந்தது. கோடு முடிந்த இடத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். விரலுக்கு அடியிலேயே பச்சைப் புள்ளியும் மறைந்துவிட்டது.