ஒருக்களித்துப் படுப்பவள்

டிப்போவில் அவனைச் சேவல் என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தின் முதல் பேருந்தை எடுப்பவன் அவன். விடியுமுன் எழுந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவான். அவன் மனைவி மருத்துவமனையில் செவிலி. தீவிர சிகிச்சைப் பிரிவில் நிரந்தர இரவு வேலை. அவள் வீடு திரும்பும்போது அவன் பாதி நகரத்தைச் சுற்றியிருப்பான். பிற்பகலில் அவன் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் எழுந்து சமைத்துக்கொண்டிருப்பாள். பேச, சிரிக்க, சண்டை போட, எல்லாவற்றுக்கும் சாயங்காலம் இருந்தது. சேர்ந்து தூங்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

அவளுக்கு விடுமுறை வரும் இரவுகளிலும் உடம்பு பழக்கத்தை விடாது. கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். புரண்டு புரண்டு அவன் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இப்படியிருக்கையில் அவளுக்கு இடுப்பில் வலி கண்டது. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலை, வராமல் என்ன செய்யும்? பிரிவில் இருந்த டாக்டர், "மாத்திரை அப்புறம் பாக்கலாம் சிஸ்டர், முதல்ல மெத்தைய மாத்துங்க" என்றார். வீட்டு மெத்தை கல்யாணத்துக்கு வாங்கியது. நடுவில் தொட்டில்போல் தொய்ந்திருந்தது.

அடுத்த விடுமுறை நாளில், அவன் வேலை முடிந்து வந்த கையோடு இருவரும் மெத்தைக் கடைக்குப் போனார்கள். பெரிய கூடம். வரிசை வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விரிப்புகள். விற்பனையாளர் பருத்த மனிதர். மெத்தைகளுக்கு நடுவே பூனைபோல் நடந்து வந்தார்.

"விலையெல்லாம் அப்புறம் பேசலாம். எப்படிப் படுப்பீங்க, அதச் சொல்லுங்க. மல்லாந்தா, குப்புறவா, ஒருக்களிச்சா?"

"இவ மல்லாந்துதான் படுப்பா" என்றான் அவன் சட்டென்று.

அவள் சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? நான் ஒருக்களிச்சுப் படுக்க ஆரம்பிச்சு எத்தனையோ காலமாச்சு."

"அப்படியா?" என்றான். முகம் சற்று வாடிப்போயிற்று.

"சார் எப்படி?"

"அவர் குப்புற" என்று அவளே சொன்னாள். "வலது கை கட்டிலுக்கு வெளிய தொங்கும். தலையணை எங்கயோ கிடக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"லீவு ராத்திரியில கதவத் தெறந்து பாக்குறேனே."

அவன் பக்கத்திலிருந்த மெத்தையைச் சும்மா அமுக்கிப் பார்த்தான்.

விற்பனையாளர் தலையைச் சொறிந்தார். "ஒருக்களிச்சுப் படுக்கறவங்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்கணும், மெத்துன்னு இருக்கணும். குப்புறப் படுக்கறவங்களுக்குக் கெட்டியா வேணும், இல்லேன்னா வயிறு இறங்கி முதுகு வளைஞ்சிடும். உங்க ரெண்டு பேருக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. பேசாம தனித்தனியா ரெண்டு வாங்கி ஒட்டிப் போட்டுக்கோங்களேன்."

"வேணாம்" என்றாள் அவள். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. "நடுவுல கோடு வேணாம்."

"அப்ப ரெண்டுக்கும் இடைப்பட்டது ஒண்ணு இருக்கு. அசையாம கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்க. கையால அமுக்கிப் பாத்து வாங்கறவங்கதான் திரும்பி வந்து சண்டை போடுவாங்க."

கூச்சத்தோடு படுத்தார்கள். அவன் குப்புறக் கவிழ்ந்து, முகத்தை அவள் பக்கம் திருப்பி, "இப்படி எல்லாரும் பாக்கப் படுக்கறது..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவேயில்லை. முதல் பேருந்துக்காரனின் தூக்கம்; வந்தால் நிற்காது.

அவள் ஒருக்களித்துத் திரும்பினாள். இடுப்பு வலி அடங்கியிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டுப் பட்டு விலகியது. மீசையில் நரை இவ்வளவு ஏறியிருக்கிறதா? இமை லேசாகத் துடித்தது. கனவில்கூட வண்டி ஓட்டுகிறான் போலும். தொட வேண்டும்போல் இருந்தது. தொட்டால் விழித்துவிடுவான் என்று கையைத் தன் கன்னத்துக்கடியிலேயே வைத்துக்கொண்டாள். தினம் இப்படி ஒரு கால் மணி நேரம் கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

விற்பனையாளர் திரும்பி வந்தார். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவர் அப்படியே நின்றார். பிறகு, அந்தப் பக்கம் வந்த ஒரு குடும்பத்தை, "சோபா பாக்கறீங்களா? மாடியில புதுசா வந்திருக்கு" என்று நைசாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கடை விளக்குகள் எரியத் தொடங்கியபோதுதான் அவன் கண் விழித்தான்.

"தூங்கிட்டேனா? எழுப்பக் கூடாதா?"

"எப்படிங்க எழுப்புவேன்?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து, "இதையே அனுப்பிடுங்க" என்றான் விற்பனையாளரிடம்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு, வெகுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"முதல் வண்டிய விட்டுடறேன்."

"அந்த வண்டி உங்களுக்கு உசிராச்சே."

"இத்தனை வருஷம் கூவியாச்சு. இனி வேற யாராவது கூவட்டும்."

டிப்போவில் கேலி செய்து தீர்த்தார்கள். ஆனாலும் மேலாளர் காலை நெரிசல் முடிந்த பிறகு கிளம்பும் வண்டியைக் கொடுத்தார். கொஞ்சம் சம்பளம் குறையும். அதை அவன் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்த வண்டிக்கு மாறிய முதல் நாள் காலை, அவள் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தாள். சாப்பிடவில்லை, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டாள். அவன் விழித்துக் காத்திருந்தான்.

"தள்ளிப் படுங்க."

தள்ளிப் படுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் எழுந்து கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே இருப்பதென்று வார்டிலேயே முடிவு செய்திருந்தாள்.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல, பேசாம இருங்க."

கண் திறந்தபோது அறை முழுக்க வெயில். போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. எப்போது தூங்கினாள், எப்போது அவன் எழுந்து போனான், ஒன்றும் தெரியவில்லை.

"பாழாப்போன மெத்தை!" என்று அதை ஓங்கி ஒரு குத்து விட்டாள். குத்தியவளுக்கே சிரிப்பு வந்தது. நாளைக்கு வார்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு காபி குடித்துவிட வேண்டும், கடுங்காபியாக, என்று எண்ணிக்கொண்டே, அவன் படுத்திருந்த பக்கம் நகர்ந்து படுத்தாள்.