சுவேதாவின் பந்தக்கால்

என் கொழுந்தன் விஜயராஜ் பக்கத்து மனையில் வீடு கட்டினான். கட்டியவன் சும்மா இருந்தானா? தவளக்குப்பம் நர்சரியிலிருந்து ரோஸ் நிறப் பூக்கொடி ஒன்றை வாங்கிவந்து கேட்டில் ஏற்றிவிட்டான். பண்டசோழநல்லூரில் பாதிப் பேர் அதன் அடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நானும் வாயைப் பிளந்து பார்த்தவள்தான்.

இரண்டே மழைக்காலம். கொடி மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கியது. அங்கே ஒரு பூவரசு நின்றது. என் கல்யாணப் பந்தக்கால் வேர்விட்டு வளர்ந்த மரம் அது. கல்யாணம் முடிந்ததும் பந்தக்காலைப் பிடுங்கி நட்டுவைப்பது எங்கள் வழக்கம். துளிர்த்தால் வந்த மருமகள் ராசிக்காரி. பட்டுப்போனால் அவள் தலை உருளும். எனக்குத் துளிர்த்தது. என் மகள் சுவேதா கல்யாணத்துக்கும் அதே மரத்தில்தான் கால் வெட்டவேண்டும் என்று ஆசையாக வளர்த்தேன்.

"விஜயராஜு, உன் கொடி எங்க மரத்த மூடுது. கொஞ்சம் வெட்டி வுடுப்பா."

"இன்னா அண்ணி, பூதானே! எவ்ளோ அழகா கீது, அதப் போயி வெட்டச் சொல்றீங்க!"

நானே வெட்டினேன். வெட்ட வெட்ட வந்தது. தோண்டினால் மண்ணுக்குள் கொத்துக் கொத்தாகக் கிழங்கு. ஒன்றைப் பிடுங்கினால் பாதி உடைந்து உள்ளேயே நின்றுவிடும். என் வீட்டுக்காரர் தணிகைவேலுக்குத் தம்பி மனசு நோகக்கூடாது. "ஒரு செடிக்காவ சண்ட போடுவியா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். மரம் வெயிலையே பார்க்காமல் காய்ந்தது.

சுவேதாவுக்குச் சோரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கால் வெட்டப்போனபோது மரத்தில் பச்சையாக இருந்தது ஒரே ஒரு கிளை. அதைத்தான் வெட்டி மஞ்சள் பூசி நட்டோம். கல்யாணம் முடிந்து புறப்படும்போது, "கால அங்க கொண்டுபோயி நட்டுக்கறேம்மா" என்றவள், மரத்தடி மண்ணையும் ஒரு பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டாள். தாய் வீட்டு மண்ணாம். அவளும் அழுதாள், நானும் அழுதேன். அந்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று அப்போது யாருக்கு நினைவு வரும்?

போன வாரம் வீடியோ காலில் வந்தாள்.

"ம்மா, கால் துளுத்துடுச்சி! அத்த தெருவயே கூப்ட்டு காட்றாங்க!"

போனைத் திருப்பினாள். கால் பட்டை உரிந்து, காய்ந்த கட்டையாக நின்றது. அடியிலிருந்து இளம் தண்டு ஒன்று அதை ஒட்டி ஏறியிருந்தது. தூரத்துக்குப் பூவரசு இலை மாதிரிதான் இருக்கும். ஆனால் பூவரசு இலை மொழுமொழுவென்று தடித்திருக்கும். இது மெல்லிசாக, சுருக்கம் விழுந்து கிடந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கொடியை வெட்டி வெட்டிக் கை காய்த்தவள் நான்.

சம்பந்தியம்மா கல்பனா அதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். "ராசியான பொண்ணத்தான் குடுத்துருக்கீங்க," என்றார் என்னைப் பார்த்து.

பிடுங்கி எறிடி என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் கால் பட்டுப்போனது தெரிந்துவிடும். விஜயராஜையும் அவன் கேட்டையும் மனதாரச் சபித்தேன். பூ விட்டால் எல்லாருக்கும் தெரியத்தான் போகிறது. அதுவரைக்குமாவது என் மகள் ராசிக்காரியாக இருக்கட்டும்.

"ஏம்மா, தெனம் தண்ணி ஊத்தணுமா?"

"ஊத்தலன்னாலும் வரும்டி," என்றேன்.